பொய் சொன்ன முள்

பீர்மேட்டில் மழைக்காலத்தில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டினால் புகை நாற்றம் ஏறிவிடும். அதனால் என் வீட்டுக்காரர் ஜீப்பைத் தகரக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும், குழந்தையின் இடுப்புத்துணிகளைப் பிழிந்து எடுத்துப்போய்ச் சூடாக இருக்கும் பானெட்டின் மேல் விரிப்பேன்.

குமுளிக்கும் முண்டக்கயத்துக்கும் ஆள் ஏற்றி ஓடும் வண்டி அது. எஸ்டேட்டில் கழித்துவிட்டதை வாங்கியிருந்தோம். அந்த ஆனியில், எஞ்சின் சூட்டைக் காட்டும் அதன் ஹீட் மீட்டர் முள் சிவப்பைத் தொட ஆரம்பித்தது. ஏற்றத்தில் நாலு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். ஒரு வாரத்தில், காலையில் சாவியைத் திருப்பியதுமே முள் சிவப்புக்கு ஓடியது.

"காலம்பறவே ஏறுதா? அப்ப உள்ளுக்குள்ள முழுசும் போயாச்சு. எஞ்சின இறக்கிப் பிரிக்கணும்" என்றார் ஒர்க்‌ஷாப் ஆசான்.

இறக்குவதற்கு வீட்டில் இருந்தது ஒரே பணம். பாலக்காட்டில் தமிழ் ஆசிரியப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. மீனாட்சிபுரத்தில் அப்பா கறவை மாடு ஒன்றை விற்று அதற்காகக் கொடுத்தனுப்பிய பணம். சேர இன்னும் பதினைந்து நாள் இருந்தது. குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது துணியால்தான். எஞ்சின் அப்படிக் கொதிக்கிறதென்றால் பானெட்டும் கொதிக்க வேண்டாமா? துணி காய எப்போதும் ஆகிற நேரம்தான் ஆனது. நாலு இடத்தில் ஊற்றியும் ரேடியேட்டர் மொத்தம் அரைச் செம்புத் தண்ணீருக்கு மேல் குடிக்கவில்லை என்று அவரே சொல்லியிருந்தார்.

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று சீட்டுக்கடியில் கிடந்தது. இரண்டு மத்தியானம் அகராதியோடு உட்கார்ந்தேன். சூட்டை அறிந்து மீட்டருக்குச் சொல்ல எஞ்சினில் ஒரு பித்தளைக் குமிழ் திருகியிருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முள் ஏறினால், குமிழிலிருந்து வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் கெட்டது குமிழ் என்று போட்டிருந்தது.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனபோது சாவியைத் திருப்பிவிட்டு வயரைக் கழற்றினேன். முள் சட்டென்று கீழே விழுந்தது. மாட்டினேன், ஏறியது. மூன்று தடவை செய்து பார்த்தேன்.

"ஏனுங்க, எஞ்சின் சில்லுனு இருக்குது. வயரைக் கழட்டுனா முள்ளு எறங்கிருதுங்க. அந்தக் குமிழ்தானுங்க கெட்டிருக்குது."

"வண்டில கை வச்சியாட்டி?"

"பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்க."

கோபப்பட்டாலும் என்னை ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனார். அங்கே நின்ற டிரைவர்களுக்கு நல்ல வேடிக்கை. "பிள்ளத்துணி காயப்போட்டே வைத்தியம் பாத்துட்டாவளே! எங்க வண்டியையும் கொஞ்சம் தொட்டுப் பாருங்க மதினி" என்றார் ஒருவர். ஆசான் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, நாளைக்குக் குட்டிக்கானம் ஏத்தத்துல எஞ்சின் பிடிச்சு நின்னு வண்டி பின்னால உருண்டா, உள்ள இருக்கிற பத்துப் பேருக்கு யாரு உத்தரவாதம்? பொஸ்தகமா?"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கேலி இல்லை. "நீ உறுதியாச் சொல்லு. வேண்டாம்னா இறக்கல."

அவரைக் குறை சொல்ல முடியாமல் போனது அந்த ஒரு பேச்சால். மூன்று தடவை பார்த்தவள் நான். ஆனால் என் கண்ணுக்குள் அந்தச் சரிவும், கீழே மூடுபனியும்தான் நின்றன. அகராதியில் ஒரு சொல்லுக்குத் தப்பான பொருளை எடுத்திருந்தால்? படிக்கப் போகும் ஆசையில் எனக்குச் சாதகமாகப் படித்திருந்தால்?

"தெரியலைங்க" என்றேன்.

பணத்தை நான்தான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எஞ்சின் மூன்று வாரம் சாக்கின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. சேரும் நாள் அதற்குள் போய்விட்டது. என் இடம் பட்டியலில் அடுத்து இருந்தவளுக்குப் போயிற்று.

எஞ்சினை மறுபடி பூட்டிச் சாவியைத் திருப்பிய அன்று நானும் குழந்தையோடு நின்றிருந்தேன். முள் நேராகச் சிவப்புக்குப் போனது. ஆசான் ஒரு தகர டப்பாவைத் துழாவி, பழைய பித்தளைக் குமிழ் ஒன்றை எடுத்து மாற்றித் திருகினார். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. முள் இறங்கி ஒழுங்காக நின்றது.

"இதுக்குக் காசு வேண்டாம் தங்கச்சி" என்றார்.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. இரண்டாவது குழந்தைக்கு ஐந்து மாதம். பயிற்சிப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. என் முகம் எப்போதாவது தொங்கிப்போனால் என் வீட்டுக்காரர் சொல்வார்: "பழைய எஞ்சின். எப்படியும் ஒருநாள் இறக்க வேண்டியதுதானட்டி."

இருக்கலாம். இல்லை என்று உறுதியாகச் சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுச் சோறு போடுகிறேன்.