அரிசி வியாழக்கிழமை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதே கோணல் எழுத்தை ஒருவர் அழிக்கச் சொன்னபோது நான் அழிக்கவில்லை.

எழுபதுகளில் திருவண்ணாமலையில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவித்துக் களத்தில் காயவைப்பது என் வேலை. ஊற ஒரு நாள், அவித்துக் காய இரண்டு நாள். மழை வந்தால் அதற்கும் மேல். முதலாளிக்கு இது தெரியும். ஆனாலும் யார் கேட்டாலும் "நாளைக்கு வண்டி கொண்டாங்க" என்பார். வண்டி வரும்போது அவர் இருக்க மாட்டார். திட்டு எனக்கு. எனக்கோ நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது.

ஒரு ஐப்பசியில் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அரிசி ஏற்ற மூன்றாவது முறை வேனோடு வந்து நின்றார். நெல் இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் ஈரமாகக் கிடந்தது.

"ஏம்பா, பேரப்புள்ளைக்குக் காது குத்தறப்பவாவது குடுப்பீங்களா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு முதலாளி மாட்டிக்கொண்டார். "சாயங்காலம் ஏத்திடலாங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஈரமோ கீரமோ, அரச்சி அனுப்புடா" என்றார்.

ஈர நெல்லை அரைத்தால் பாதி உடைந்து நொய்யாகிவிடும். கல்யாணப் பந்தியில் நொய்யா? அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து வாசல் சுவரில் பெரிதாக எழுதினேன்: நெல் ஈரம். அரிசி வியாழக்கிழமை.

கீழ்பென்னாத்தூர்க்காரர் அதைப் படித்துவிட்டு, வேனைத் திருப்பினார்.

"யார கேட்டு எழுதன? அழி. இல்லனா வேலைய உட்டு நின்னுக்கோ" என்றார் முதலாளி.

"அழிக்க மாட்டேங்க. நீங்க சொல்ற நாளு நடக்காது. நான் எழுதனது நடக்கும்."

"ஊமைக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சிடா!"

வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆனாலும் அழிக்கவில்லை. வியாழன்வரை களத்தை விட்டு நகராமல், வெயில் வந்தால் விரித்தேன், தூறினால் குவித்தேன். வியாழக்கிழமை மதியம் அரிசி வேனில் ஏறியது. கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, முதலாளியிடம், "இனிமே உங்கள கேக்க மாட்டேன், செவுத்த கேட்டுக்கறேன்" என்றார்.

பிறகு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். முதலாளி இரண்டு முறை சுவருக்கு வெள்ளையடித்தார். இரண்டு முறையும் அன்றைக்கே எழுதினேன். வேலையை விட்டு அவர் என்னை நிறுத்தவில்லை.

இதை எப்போது எழுதி முடிப்பாய் என்று வீட்டில் கேட்டார்கள். நாள் சொன்னேன். அதே நாளில் முடித்திருக்கிறேன்.

12.6.1988