நக அகலம் நகர்ந்த கோடு

என் மேசைமேல் ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கிறது. அதனுள் நீரில் அமிழ்ந்து கிடப்பது கைப்பிடியளவு பழுப்பு நிலக்கரி. உலர்ந்தால் வெடித்து உதிர்ந்துவிடும் என்பதால், காலைதோறும் நீர்மட்டத்தைப் பார்ப்பது இப்போது என் கடமை. சென்ற மாதம்வரை அதைக் காத்துவந்தவர், நான் பணியாற்றிய மின் திட்ட அலுவலகத்தின் பொறியாளர்.

புதுச்சேரிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பாகூர்ப் பக்கத்து மண்ணுக்கடியில் கிடக்கும் கரியிலிருந்தே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய தீராத எண்ணம். துளையிட்டு எடுத்த மாதிரிகளுள் ஒன்றே இது. "காலுக்குக் கீழயே கரண்ட்டு கெடக்குதுப்பா, நாம எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கிறோம்" என்பார். நான் அங்கே தினக்கூலிக்கு வரைபடங்களை மையிட்டு நகலெடுத்தவன். படிப்பு அதிகமில்லை, கை நடுங்காது, அவ்வளவே.

சுரங்க எல்லையை அவர் பென்சிலால் வரைந்தபோது, அவருடைய தாயார் குடியிருந்த வீடும் அதனுள் அகப்பட்டது. அவர் கை சற்றும் தயங்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. மையிடுகையில், அவ்வீடு வெளியே நிற்கும்படி அவ்விடத்தில் கோட்டை ஒரு நக அகலம் உள்ளே ஒதுக்கினேன். பரப்பு குறையாதிருக்க, எதிர்ப்புறத்தில் அதே அளவு வெளியே தள்ளினேன்.

திட்டக் கூட்டத்தில் மேலதிகாரி பென்சில் படத்தையும் மையிட்ட படத்தையும் அருகருகே விரித்தார். "என்னய்யா, கரிக்குக்கூட உங்கம்மா மேல இவ்ளோ மரியாதையா? வூட்டச் சுத்திக்கிட்டுப் போவுது!" அறை முழுவதும் சிரித்தது. "யாரு கை வெச்சது?"

பொறியாளர் என்னை ஒருமுறை பார்த்தார். "நான்தான் சார்" என்றார்.

வாய் திறந்திருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும், திறக்கவில்லை. அவரோ பென்சிலை வாங்கி, தாயாரின் வீட்டை மீண்டும் எல்லைக்குள் கொண்டுவந்தார்.

படியிறங்குகையில் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "எங்க வூட்ட வெளிய எடுத்துட்டு, அந்தாண்ட நாலு வூட்ட உள்ள போட்டுட்டியேப்பா. அந்த வூட்லலாம் அம்மா இல்லியா?" என்றார். அந்த நான்கு வீடுகளை நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

திட்டப் பணியிலிருந்து அவரை விலக்கி, பழுதான மீட்டர்களைச் சோதிக்கும் பிரிவில் அமர்த்தினார்கள். திட்டமும் தாளைத் தாண்டவில்லை. ஐந்து வீடுகளும் இன்றும் நிற்கின்றன.

சென்ற மாதம் அவர் காலமானார். நெல்லித்தோப்பிலுள்ள அவர் வீட்டில் காரியம் முடிந்தபின் அவர் மனைவி இக்குடுவையை என்னிடம் தந்தார். "நேர்மையா இருந்தவருண்ணே. ஆயுசுல ஒரே ஒரு தப்பு பண்ணாரு, அதுவும் பெத்தவளுக்காக" என்றார்.

கட்டிய மனைவியிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை! அன்றும் நான் வாய் திறக்கவில்லை. குடுவையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்று காலை நீர் குறைந்து, கரியின் முனை வெளியே தெரிந்தது. அதில் ஒரு விரிசல். நீர் ஊற்றினேன், விரிசல் மூடவில்லை. குடுவையைத் துணியில் சுற்றிவிட்டேன். நெல்லித்தோப்புக்குப் போகிறேன். கோட்டை நகர்த்தியவன் நான் என்று அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும்.