சவுக்கு நிழலுக்குப் போட்ட பூச்சியம்

பிரபாவதியால் அந்தச் சமோசாவை விழுங்க முடியவில்லை. வாயில் வைத்த துண்டைக் காகிதத்தில் துப்பிச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தார். மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கடலோரச் சவுக்குத் தோப்பைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, ஓர் உல்லாச விடுதி அமைத்திருந்த ‘புன்னகைப் பூங்கா’வின் திறப்பு விழா அது. வரிசையாக நட்டிருந்த உடற்பயிற்சிக் கருவிகளிலிருந்து எழுந்த பச்சைப் பெயிண்ட் நெடி குமட்டியது. அதைவிடக் குமட்டியது வாயிலில் நின்ற பலகை. ‘இப்பகுதி மீனவப் பெண்களில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேருக்குப் பொழுதுபோக்கே இல்லை’ என்று எழுதி, அடியில், ஆய்வு செய்தவர் என்று பிரபாவதியின் பெயரைப் பொறித்திருந்தார்கள்.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் உளவியல் கற்பிப்பவர் பிரபாவதி. கணவர் லக்ஷ்மிநாராயணன் கல்பாக்கத்தில் விஞ்ஞானி, குடியிருப்பும் அங்கேதான். இருபத்தாறு ஆண்டுகளாக அங்கிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் போய்வரும் பிரபாவதி, சன்னலோர இருக்கை கிடைத்தாலும் வெளியே பார்த்ததில்லை. மடியில் விடைத்தாள் இருக்கும். வீட்டில் கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் ஆய்வேடு படிப்பார். இப்படிப்பட்டவர் ஓய்வையும் மனநலத்தையும் பற்றி ஆராய்வதை எண்ணி லக்ஷ்மிநாராயணன் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்காது.

சென்ற ஆண்டு, நூறு பெண்களைப் பேட்டி காண்பதற்காக, வினாத்தாள்களோடு இதே தோப்புக்கு வந்திருந்தார். மீன் விற்று முடித்த பெண்கள் நண்பகலில் கூடைகளைக் கவிழ்த்துவிட்டுச் சவுக்கு நிழலில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி வெற்றிலை மடிப்பாள். ஒருத்தி மற்றொருத்தியின் தலையில் பேன் பார்ப்பாள். எவளுடைய புருஷனையாவது எல்லோருமாகச் சேர்ந்து கேலி செய்வார்கள். தொலைக்காட்சியா, விளையாட்டா, சுற்றுலாவா என்று பிரபாவதி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“அதெல்லாம் இன்னாத்துக்கு டீச்சரம்மா? சும்மா குந்தினுகீறோம். அத்த எழுதிக்கோ,” என்றாள் கன்னியம்மா. ஏறக்குறைய பிரபாவதியின் வயதுதான் அவளுக்கும். எழுதி முடித்ததும், “ஆமா, நீ எப்ப குந்துவ?” என்றும் கேட்டாள். பிரபாவதி அடுத்த தாளைப் புரட்டினார்.

சும்மா உட்காருவதற்கு வினாத்தாளில் கட்டம் இல்லை. துறைத்தலைவர் பக்தவத்சலத்திடம் கேட்டபோது, சும்மா இருப்பது பொழுதுபோக்கு ஆகாது, பூச்சியம் போடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டார். பிரபாவதிக்கு மனம் ஒப்பவில்லை. ஆயினும், பேராசிரியர் பதவி உயர்வுக்கு அவருக்கு ஒரு கட்டுரை குறைந்தது. எண்பத்திரண்டு தாள்களில் எண்பத்திரண்டு பூச்சியங்களைத் தம் கையாலேயே போட்டார். கட்டுரை அச்சேறியது. பக்தவத்சலம் அதை விடுதிக்காரர்களிடம் கொடுத்ததும், மகளிர் மனநலம் என்று காரணம் காட்டி அவர்கள் இந்தப் புறம்போக்கு நிலத்தைக் குத்தகைக்கு வாங்கியதும் விழா மேடையில்தான் அவருக்குத் தெரியவந்தன.

பொன்னாடையின் சரிகை கழுத்தில் அறுத்தது. வேலிக்கு வெளியே கன்னியம்மாவும் நாலைந்து பெண்களும் கூடைகளோடு நின்றிருந்தார்கள். கவுச்சியோடு வந்தால் விடக்கூடாது, உறுப்பினர் அட்டையும் வேண்டும் என்பது உத்தரவாம். காவலாளி மணி அதைக் கூச்சத்தோடு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பிரபாவதி வாயிலுக்குப் போனார்.

“இன்னா டீச்சரம்மா, உம்பேரு போட்டுகீதாமே? எங்களுக்குப் பொழுதே போவலன்னு நீதான் எழுதிக் குடுத்தியா?” என்றாள் கன்னியம்மா. “இனிமே நாங்க எங்க குந்தறது, உன் தலமேலயா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். வசை கேட்டிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்க மாட்டார். பொன்னாடையை உருவி மணியின் நாற்காலியில் போட்டுவிட்டு, புகைப்படத்துக்கு அழைத்த குரலைக் காதில் வாங்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். பேருந்தில் வழிநெடுகத் தம் கட்டுரையைப் படித்தார். ஒற்றுப்பிழைகூட இல்லாத கட்டுரை. அவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யைத் தம்மால் எழுத முடிந்திருக்கிறதே என்று அருவருத்தார்.

அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதினார். தோப்பைத் திறந்துவிடக் கோரிக் கன்னியம்மாவும் மற்றவர்களும் மனுக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ‘அந்தப் பெண்களின் ஓய்வு அந்த நிழலில் உட்கார்ந்திருப்பதுதான். அதற்குப் பூச்சியம் இட்ட பிழை என்னுடையது’ என்று கையொப்பமிட்ட கடிதத்தோடு, திங்கட்கிழமை காலை, செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குத் தாமும் போனார்.

வராந்தாவில் காத்திருந்தபோது பக்தவத்சலம் தொலைபேசியில் அழைத்தார்.

“வியாழக்கிழமை இன்டர்வியூ, மேடம். பேப்பரை வாபஸ் வாங்கிட்டு எந்த முகத்தோட வருவீங்க? ஒரு மரத்தடிக்காக இருபத்தாறு வருஷ சர்வீஸைக் கெடுத்துக்காதீங்க.”

“நான் இன்டர்வியூவுக்கு வரலை, சார்,” என்றார் பிரபாவதி. “அந்தப் பலகையிலேருந்து என் பேரை அழிக்கச் சொல்லுங்க.”

தொலைபேசியை அணைத்த பிறகும் நாக்கில் அந்தச் சமோசாவின் காறல் எண்ணெய் இன்னும் ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. அவர்களுடைய டோக்கன் நூற்றுநாற்பது. உள்ளே முப்பத்தொன்றாம் எண்ணை அழைத்தார்கள்.

“இன்னும் எம்மாநேரம் ஆவுமோ. குந்து,” என்று கன்னியம்மா சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

பிரபாவதி தரையில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கை விடைத்தாள் கட்டைத் தேடிப் பைக்குள் போனது. கன்னியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வெளியே எடுத்துப் பையின் வாயை மூடினார்.