சித்தி றலியா விறாந்தையில் சொன்னது

வைத்தியசாலைகளில் தவறு நடக்கும். நடக்காத இடத்தை நான் பார்த்ததில்லை. தவறு நடந்த மறுகணம் அங்கே நிற்பவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கவனிப்பேன். டாக்டர் தாதியைப் பார்ப்பார். தாதி உதவியாளைப் பார்ப்பாள். உதவியாள் தரையைப் பார்ப்பாள். நான் வேலை பார்த்த எல்லா இடங்களிலும் இதுதான் நடைமுறை. இதற்கு மாறாக நடந்த ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். அவர் பெயர் சித்தி றலியா.

கண்டியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே கணவர் காய்ச்சலில் போய்விட்டார். விதவைகள் வீட்டிலேயே இருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் கொழும்புக்குப் போய் மருத்துவிச்சிப் படிப்பை முடித்துக்கொண்டு வந்தார். ஒரு பெண் தனியாகப் போய்ப் படிப்பதா என்று உறவுக்காரர்கள் வாய் வலிக்கப் பேசினார்கள். பிறகு அவர்களுடைய மகள்மாருக்கு வலி எடுத்தபோது இவரைத்தான் தேடி ஓடி வந்தார்கள். அவர் போகாமல் இருந்ததில்லை. பேசியதை ஞாபகப்படுத்தியதும் இல்லை.

மெலிந்த உருவம். முக்காடு நழுவாது. நாக்கு மட்டும் கூர்மை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால், "இதென்ன, மடுல்கெல்லக்கிப் போற ரோட்டா?" என்று கேட்பார். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டிய ஏற்றத்தில் ஒரு தரும சபை நடத்திய சிறிய பிரசவ விடுதிக்கு அவர்தான் தலைமை. நான் அங்கே தாதி. பாலம்மா என்றொரு உதவியாள் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள். சமையலுக்குத் தோட்டத்திலிருந்து வந்த பேச்சியம்மா. டவுன் முஸ்லிம் பெண்கள், தோட்டத்துப் பெண்கள், சுற்றுவட்டாரச் சிங்களப் பெண்கள் எல்லோரும் ஒரே வார்டில்தான் படுப்பார்கள்.

பிள்ளைகள் மாறிவிடாமல் இருக்க றலியாவே ஒரு முறை வைத்திருந்தார். தாய் உடுத்திவந்த சேலையின் ஓரத்தில் ஒரு நாடா கிழித்து, பிறந்த பிள்ளையின் கணுக்காலில் கட்டுவார். படிக்காத தாய்க்கும் தன் சேலையை அடையாளம் தெரியும் என்பார். கட்டுவதை வேறு யாரிடமும் விடமாட்டார். அதைப் போலவே கண்டிப்பான இன்னொரு விதி, பிள்ளைக்கு மை வைக்கக் கூடாது என்பது. மை பட்டுக் கண் புண்ணான பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருந்தார். விதியை மீறி மை வைத்த ஒரு வேலைக்காரியை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியும் இருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு, நல்ல மழைக் காலம். மடுல்கெல்லத் தோட்டமொன்றிலிருந்து ரத்தினம்மா வந்திருந்தாள். முதல் பிள்ளை தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே பிறந்து இறந்துபோனதால் தோட்டத்து டாக்டர் இந்தத் தடவை டவுனுக்கு அனுப்பியிருந்தார். பக்கத்துக் கட்டிலில் டவுனில் கடை வைத்திருக்கும் முஹைதீன் என்பவரின் மகள் ஸுலைஹா. இருவருக்கும் ஒரே மாலையில், ஒருவருக்குப் பின் ஒருவராக, பெண் பிள்ளைகள் பிறந்தன. ஸுலைஹாவுக்குக் கடுமையான பிரசவம். முடிந்ததும் காய்ச்சல் வந்து கண் திறக்காமல் கிடந்தாள்.

மறுநாள் காலை குளிப்பாட்டல் முடிந்து, பிள்ளைகள் தாய்மாரிடம் போய்ச் சேர்ந்தன. முதல்நாள் மழையில் வர முடியாத முஹைதீன் அப்போதுதான் வந்தார். விறாந்தையில் கதிரை போட்டு, பேத்தியை அவர் கையில் கொடுத்தோம். மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் திரும்பி, பிள்ளையின் வலது காதில் மெல்லிய குரலில் தொழுகை அழைப்பான வாங்கு சொன்னார். வார்டே அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையைத் திரும்ப ஸுலைஹாவின் பக்கத்தில் படுக்க வைத்தோம். சபையின் செயலாளர் சேதுராமனும் அன்று வந்திருந்தார். அவர் முஹைதீனுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ரத்தினம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. விடிய பால் குடிச்சது இந்தப் புள்ள இல்லீங்க."

"என்ன உளறுறீங்க?"

"அது சப்புனா விடாதுங்க, வலிக்கும். இது வாயே வைக்க மாட்டேங்குது. முகமும் வேறயா இருக்கு."

பிரசவமான மறுநாள் தாய்மார் பலதும் சொல்வார்கள். அதைத்தான் நான் அவளுக்குச் சொல்லப் போனேன். அதற்குள் றலியா வந்து, பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை நாடா. ஸுலைஹாவின் கட்டிலுக்குப் போய்ப் பார்த்தார். அங்கேயும் வெள்ளை நாடா. முதல்நாள் இரண்டு பெண்களின் சேலைகளும் மழையில் நனைந்து வெளுக்கப் போயிருந்தன. அடுத்தடுத்து இரண்டு பிரசவம் பார்த்த களைப்பில் அவர் விடுதியின் வெள்ளைத் துணியிலிருந்தே இரண்டு நாடாவையும் கிழித்துக் கட்டியிருந்தார். காலையில் மாற்றிவிடலாம் என்று நினைத்து, மறந்தும் போனார்.

அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். அந்த இடத்தில் அவருக்கு எத்தனை வழி இருந்தது என்று எனக்குத் தெரியும். ரத்தினம்மாவை ஓர் அதட்டலில் அடக்கியிருக்கலாம். தோட்டத்துப் பெண்ணின் பேச்சை அன்றைக்கு யார் கேட்டார்கள்? ஸுலைஹாவோ காய்ச்சலில் கிடந்தாள். வாங்கும் சொல்லி முடிந்தாயிற்று. வெளியே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நேராக விறாந்தைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா, போயிடாதீங்க. நான் ஒரு பெரிய பிழை செஞ்சீக்கிறன்."

"என்னா மக?" என்றார் முஹைதீன். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"நீங்க வாங்கு சொன்ன புள்ள ஒங்கட புள்ளதானா எண்டு இப்ப எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில்ல ஈக்கிற தோட்டத்துப் பொம்புளட புள்ளயாவும் ஈக்கலாம்."

சேதுராமன் பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, இதையெல்லாம் உள்ள போய்ப் பேசிக்கலாமே. எல்லாரும் கேக்குறாங்க."

"கேக்கத்தான் சொல்றன் ஐயா."

"சரி, குளிப்பாட்டினது யாரு? பாலம்மாதானே? எங்கே அவ?"

பாலம்மா கதவோரம் நின்றிருந்தாள். நான் எதிர்பார்த்தது வழக்கமான காட்சியைத்தான். றலியா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அவட பேர பொறகு பாப்பம். அடையாளம் கட்டுற வேல என்ட. தாய்ட சீலையில கட்டணும் எண்டு எல்லாருக்கும் சட்டம் சொன்னதும் நான்தான். நேத்து ரெண்டுக்கும் வெள்ளத் துணிய கட்டினதும் நான்தான். சபைக்கும் இப்பிடியே சொல்லுங்க."

பெரிய டாக்டர்மாரோடு வேலை செய்திருக்கிறேன். இப்படிச் சாதாரணக் குரலில், தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொண்ட ஆளைப் பார்த்ததில்லை. அழவில்லை, மன்னிப்பு என்று இழுக்கவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அப்போதுதான் பாலம்மா வாயைத் திறந்தாள். "அம்மா, நானும் ஒண்ணு செஞ்சேங்க. ஒவ்வொண்ணாத்தான் குளிப்பாட்டச் சொல்லியிருக்கீங்க. தண்ணி ஆறிப்போவுதேன்னு ரெண்டையும் ஒரே தொட்டியில வச்சிக் கழுவிட்டேன். எதை எங்க வச்சேன்னு அப்பறம் எனக்கே தெரியலங்க."

"பாத்தீங்களா!" என்றார் சேதுராமன்.

"பாத்தன். அவ சொல்லாட்டி எங்க மாறிச்சி எண்டே தெரியாம நிப்பம்," என்றார் றலியா. "நல்லது பாலம்மா. அழாம நில்லு."

எங்கே மாறியது என்று தெரிந்துவிட்டது. எது யாருடையது என்பதுதான் தெரியவில்லை. இரண்டும் ஒரே எடை, ஒரே கருமுடி. மச்சம், தழும்பு ஒன்றுமில்லை. ரத்தினம்மா எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள், இரண்டாவதை இன்னொருவர் கட்டிலில் தேடிக்கொண்டிருந்தாள். முஹைதீன் எழுந்தவர் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுப்படிப் பக்கமிருந்து பேச்சியம்மா வந்தாள். கையில் கரண்டி இருந்ததையும் மறந்திருந்தாள்.

"அம்மா, என்னைய அனுப்புறதுன்னா அனுப்பிருங்க. நான் மை வச்சேன்."

றலியாவின் கண் சுருங்கியது. "யாருக்கு?"

"ரத்தினம்மா புள்ளைக்கு. எங்க தோட்டத்துப் புள்ளையாச்சேன்னு ஒரு ஆசை. நேத்து நீங்க கை கழுவப் போனப்ப. கண்ணுல இல்லீங்க, சாமி சத்தியமா இல்ல. காதுக்குப் பின்னால, முடிக்குள்ள ஒரு பொட்டுத்தான்."

ஆமணக்கெண்ணெயில் குழைத்த மை ஒரு குளிப்பில் போகாது. பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரத்தினம்மாவிடம் இருந்த பிள்ளையின் காதுக்குப் பின்னால் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. ஸுலைஹாவின் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையின் இடது காதுக்குப் பின்னால், முடிக்கு அடியில், மிளகளவு கறுப்பு இருந்தது. துடைத்ததும் பஞ்சில் ஒட்டியது. பஞ்சை எல்லோருக்கும் காட்டினேன்.

ரத்தினம்மா பிள்ளையை வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து மார்பில் வைத்தாள். அது உடனே கவ்வியது. "ஆ!" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்தாள். "இதான்."

முஹைதீன் எழுந்தார். "அந்தப் புள்ளக்கிச் சொன்ன வாங்கு வீணாப் போகாது. நல்ல சொல்லு, நல்லதுதான் செய்யும். எங்கட புள்ளயக் கொண்டா மக. இந்தத் தடவ ஆளப் பாத்துத் தருவியா?"

"நல்லாப் பாத்துத்தான் தாறன் மாமா," என்றார் றலியா.

மறுநாள் ரத்தினம்மாவின் கணவன் மூக்கையா வந்தபோது, அவனுக்கும் றலியாவே வாசலில் வைத்து முழுவதையும் சொன்னார். தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். "ரெண்டு பக்கத்துச் சாமியும் பாத்துக்கிட்டா நல்லதுதானுங்களே," என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பார்க்க உள்ளே போனான்.

சபை கூடி, றலியாவைத் தலைமையிலிருந்து இறக்கியது. தலைமை எனக்கு வந்தது; சாவிக் கொத்தை அவரே என் கையில் தந்தார். அடுத்த நாள் காலை, சாதாரண மருத்துவிச்சியாக எனக்கு முன்னால் வந்து நின்று, "எனக்கு என்ன வேல?" என்று கேட்டார். பேச்சியம்மாவை அவர் அனுப்பவில்லை. மை வைத்ததற்காக நன்றாகத் திட்டினார். அனுப்பிவிடுவேன் என்று தான் மிரட்டி வைத்ததால்தான் அவள் மறைத்தாள் என்றும் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அது மட்டும் இனி இல்லை என்றார்.

அதன் பிறகு விடுதி மாறிப்போனது. முன்பெல்லாம் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய்கள் தானாகவே உடையும், உடைத்த ஆள் கிடைக்காது. இப்போது பாலம்மா உடைந்த துண்டுகளை முறத்தில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். "நான்தான், கை வழுக்கிருச்சி." யாரும் கூட்டம் போட்டுப் பாடம் நடத்தவில்லை. ஒருநாள் சேதுராமனே விறாந்தையில் நின்று தொண்டையைச் செருமினார். "தரை கழுவுற லைசோல் மருந்து தீர்ந்துபோனதுக்கு நீங்க யாரும் காரணமில்ல. சொல்லியனுப்ப நான் மறந்துட்டேன்." பேச்சியம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அந்த வருடம் முடியுமுன் சபை தலைமையை றலியாவுக்கே திரும்பக் கொடுத்தது. கொடுக்கச் சொல்லிக் கேட்டவர்களில் சேதுராமன்தான் முதல் ஆள்.

ரத்தினம்மா அடுத்த பிரசவத்துக்கும் எங்களிடமே வந்தாள். பாதித் தூரம் லொறியில், மீதி நடை. மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவளிடம் நான் கேட்டேன். "போன தடவ அப்பிடி ஆனதுக்கு அப்பறமும் இங்க வந்தீங்களா?"

"அதனாலதாங்கக்கா வந்தேன். வேற எடத்துல தப்பு நடந்தா எங்களுக்கு யாரு சொல்லப்போறா?"

சொல்லி முடிப்பதற்குள் வலி வந்து கட்டில் கம்பியைப் பிடித்தாள். நான் றலியாவைக் கூப்பிடப் போனேன்.