இரண்டு ஏக்கரை மூழ்கடித்தவன்

கிளிநொச்சியில் என் மனைவியின் தம்பியுடைய இரண்டு ஏக்கர் நெல்லை மூழ்கடித்தது நான்தான் என்று பதினொரு நாள் நம்பிக்கொண்டு திரிந்தேன். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருந்துகொண்டே இவ்வளவு பெரிய நாசத்தைச் செய்திருக்கிறேனே என்று நினைத்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைப்பானேன்.

முன்பெல்லாம் பொங்கலோடு மழை போய்விடும். நெல் காயும், வெட்டலாம். இப்போது மழைக்கு மாதம் தெரிவதில்லை. போன வருசமும் வெட்டுகிற நேரத்தில் வந்து பாதியை அழுக வைத்துவிட்டுப் போனது. மச்சான் வீட்டில் நாலு பேர். அந்த நெல்தான் அவர்களுக்கு வருசச் சோறு. ஆகவே இந்த முறை மழையை நானே கவனித்துக்கொள்வதென்று முடிவெடுத்தேன். புதுக்கடைக் கோர்ட்டுப் பக்கம் வக்கீலிடம் கிளாக்காக இருக்கிறவனுக்கு வானத்தோடு என்ன வேலை என்று மனைவி கேட்டாள். என் போனில் வானிலை காட்டுகிற அப் ஒன்று இருந்தது. வேறென்ன தகுதி வேண்டும்?

தினமும் பஸ்சுக்கு நிற்கும்போது மச்சானுக்குப் போன் எடுப்பேன்.

"பத்து நாளைக்கு நல்ல வெயில். அவசரப்பட்டு வெட்டாதையும், காயட்டும்."

"ஓம் அத்தான்."

"காத்து வடகிழக்கு."

"ஓம் அத்தான்."

இவ்வளவு பணிவான கட்சிக்காரர் எங்கள் வக்கீலுக்கே கிடைத்ததில்லை.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலையால் வந்தால், மனைவி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். கிளிநொச்சியில் விடியத் தொடங்கிய மழை விடவில்லையாம். வயலில் முழங்காலளவு தண்ணியாம்.

"ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம்," என்று போனை நீட்டினேன். "இஞ்சை பார், சூரியன் நிக்குது."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இஞ்சருங்கோ, மேல என்ன ஊர் எழுதியிருக்கு?"

வெள்ளவத்தை.

மூன்று கிழமையாகக் கொழும்புக் காலி வீதி வெயிலைக் கிளிநொச்சி நெல்லுக்கு அறிவித்திருக்கிறேன்.

"அவன் உங்கட கதையைக் கேட்டுத்தான் வெட்டாமல் விட்டவனோ?" என்றாள்.

அதன்பிறகு மச்சானின் நம்பர் வந்தால் போனைத் தலையணைக்குக் கீழே வைத்து அமுக்கினேன். அவன் வழக்குப் போட்டால் எனக்கு ஆர் ஆஜராவது என்று யோசித்தேன். பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் நேர்ந்தேன். கடையில் விலையைக் கேட்டுவிட்டு, பிள்ளையாரோடு கதைத்து ஒன்றுக்கு இறக்கினேன். வெக்கையில் தென்னையும் காய்க்கவில்லை என்றார் கடைக்காரர். "அதுக்கு நான் பொறுப்பில்லை," என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் மிச்சக் காசைச் சற்றுத் தள்ளி நின்றே தந்தார்.

பதினோராம் நாள் ரயிலேறிப் போனேன். மச்சானோடு வயல் வரம்பில் நின்றேன். பயிர் சேற்றோடு படுத்துக் கிடந்தது. கதிரிலேயே மணிகள் முளைவிட்டிருந்தன.

"மச்சான், குற்றவாளி நான்தான். நீர் என்னை நம்பி..."

"என்னத்தை நம்பி அத்தான்?"

"அந்த அப். அது வெள்ளவத்தையைக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கு."

"எனக்கு முதல் நாளே தெரியுமே. நீங்கள் வெயில் எண்டு சொல்லேக்கை நான் இஞ்சை மழைக்குள்ள குடையோட நிண்டனான்."

"பிறகேன் ஓம் ஓம் எண்டனீர்?"

"கொழும்பிலயிருந்து மினக்கெட்டு எடுக்கிறியள். இல்லையெண்டு சொன்னால் அக்கா ஏசமாட்டாவோ?"

சிரித்தான். பிறகு வயலைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னான்.

அந்தப் பக்கத்துக்கு வெட்டுமெசின் ஒன்றுதான். மழைப் பயத்தில் எல்லோரும் ஒரே கிழமையில் அதைக் கேட்டார்கள். மச்சானின் முறை வியாழன். மழை செவ்வாய் வந்தது. தண்ணி வடிந்த பிறகும் சேற்றில் மெசின் இறங்கவில்லை. மேட்டுப் பக்கத்தை மட்டும் கையால் வெட்டி ஐந்து மூட்டை எடுத்தார்கள். இரண்டை விதைக்கு வைத்தார்கள். நான் கொழும்புக்குத் திரும்பிய பிறகு, மற்ற மூன்றும் வைகாசியோடு முடிந்தன. அதன்பிறகு அந்த நாலு பேரும் கடையில் அரிசி வாங்கிச் சாப்பிட்டார்கள்.