ஞாயிற்றுக்கிழமை ஓடாத பிக்கப்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் லூனாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் (நாங்கள் கித்தா என்போம்) இருந்தபோது பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். ஊருக்குத் திரும்பிப் போன துரை ஓட்டியது. அவருக்கு இடது கால் சரியில்லை என்பதால் கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர். வார நாட்களில் கட்டிப்பால் ஏற்றுவேன். உறைந்த ரப்பர் பாலின் நாற்றம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், குடலைப் பிடுங்கும். ஆனால் நான் வண்டி வாங்கியது என் மனைவிக்காக. இருதயக் கோளாறு அவளுக்கு. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். மூன்று மைல் தள்ளியிருந்த மாதா கோவிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போகவேண்டும், அது ஒன்றுதான் அவள் என்னிடம் கேட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரப்பர் குழாயால் வண்டியைக் கழுவுவாள். பலகை இடுக்கு வழியாக அடியில் வடிந்த பாலைக்கூட விடமாட்டாள். உனக்கு எதற்கு இந்த வேலை என்று சொன்னால், "கித்தா நாத்தத்தோட மாதா முன்னால போய் நிக்கச் சொல்றீங்களா?" என்பாள்.

திங்கள் முதல் சனி வரை சாவியைத் திருப்பியதும் உறுமுகிற வண்டி, ஞாயிறு காலையில் வாயே திறக்காது. விளக்கு பளிச்சென்று எரியும், ஸ்டார்ட்டர் மட்டும் அசையாது. ஆட்டோ கியர் என்பதால் தள்ளியும் கிளப்ப முடியாது. அவள் வெள்ளைச் சேலை கட்டி, செபமாலையை மடியில் வைத்து முன்சீட்டில் காத்திருப்பாள். நான் வயரை இழுப்பேன், கியர் கம்பியை ஆட்டுவேன், வண்டியைத் திட்டுவேன். பூசை நேரம் தாண்டியதும் அவளே இறங்கி உள்ளே போய்விடுவாள்.

பாட்டரியை மாற்றினேன். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தேன். திங்கட்கிழமை லூனாஸ் பட்டறைக்குக் கொண்டுபோனால் முதல் திருப்பிலேயே கிளம்பி என் மானத்தை வாங்கியது.

பட்டறைக்காரர் அடியில் புகுந்து பார்த்தார். "கியர் பாக்ஸ் பக்கத்துல ஒரு சென்சார் இருக்கு தம்பி. கியர் நியூட்ரல்ல இருக்குன்னு அது சொன்னாத்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்டு போகும். அதுவும் நல்லாத்தான் இருக்குலா."

"ஞாயித்துக்கிழம மட்டும்தாண்ணே மக்கர் பண்ணுது."

"அப்ப என்கிட்ட ஏன் கொண்டாந்த? ஃபாதர்கிட்ட காட்டு." சிரித்துவிட்டுக் கேட்டார்: "சனிக்கிழம வண்டிய என்னா செய்ற?"

"நான் ஒண்ணும் செய்றதில்லண்ணே. வேல முடிஞ்சா சும்மாதான் நிக்கும்."

அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பானெட்டை அறைந்து சாத்திவிட்டு, "நீ ஏறினாத்தான் இது மக்கர் பண்ணுது. உன் ராசி அப்படி" என்றேன். அவள் செபமாலையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அடுத்த சனிக்கிழமை வண்டியை இன்னும் கவனமாக, இருட்டும்வரை கழுவினாள்.

மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வண்டி உடனே கிளம்பியது. அவள் திரும்பி வரவில்லை.

அதன்பின் வண்டியை யாரும் கழுவவில்லை. நாலு ஞாயிறும் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ராசி என்று நான் சொன்னது சரிதானோ என்றுகூட நினைத்தேன், பாவி.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின சாயங்காலம் அவளுடைய ஸ்டூலில் நான் உட்கார்ந்து, அவள் கழுவுவது போலவே அடிவரைக்கும் கழுவினேன். காலையில் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை.

சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் அடியில் படுத்தேன். சென்சாரிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதன் பிளக்கைப் பிடுங்கினேன், உள்ளேயும் தண்ணீர். துணியால் துடைத்து, வாயால் ஊதி மாட்டினேன். வண்டி கிளம்பிவிட்டது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை கழுவும் தண்ணீர் அதில் புகுந்து, ஞாயிறு பகலில் காய்ந்து, திங்களுக்குள் சரியாகியிருக்கிறது. சனிக்கிழமை என்ன செய்கிறாய் என்று அந்த மனிதர் கேட்டாரே. கழுவியது அவள் என்பதால் அது எனக்கு ஒரு வேலையாகவே தோன்றவில்லை. தன் ராசிதான் காரணம் என்று நம்பிக்கொண்டே அவள் போய்விட்டாள். இல்லை என்று சொல்ல இனி யாரிடம் போவேன்?

எஞ்சினை அணைத்தேன். அவளால் நடக்க முடியாத அந்த மூன்று மைலையும் நடந்தே பூசைக்குப் போனேன்.