மாப்பிள்ளைக்கு மோர் கொடுக்கக் கூடாது

எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சும் சைக்கிள் பந்தயமும் ஒரே பங்குனியில் வந்து சேர்ந்தன. இரண்டில் எதில் எனக்கு ஆர்வம் அதிகம் என்று அப்பா கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பந்தயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டை பக்கத்து விளையாட்டு வாத்தியார்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது அது. புன்னைக்காயல் கடற்கரையில் விடியும்போது கிளம்ப வேண்டும். ஆறு வந்த வழியே எதிர்த்து மிதித்து ஏரல், ஸ்ரீவைகுண்டம், திருநெல்வேலி, பத்தமடை எல்லாம் தாண்டி, மணிமுத்தாறுக்கு மேலே மலைப்பாதை ஏறி, மாஞ்சோலையைத் தொட்டுவிட்டு மறுபடியும் கடலுக்கே திரும்ப வேண்டும். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. யார் உதவியும் கூடாது. பஞ்சர் ஆனால் தானே ஒட்ட வேண்டும். சங்கிலி அறுந்தால் தானே கோர்க்க வேண்டும். கடையில் வாங்கித் தின்னலாம், ஆற்றில் குடிக்கலாம், வழிப்போக்கர் எவருக்கும் கிடைக்கிற எதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சொந்தபந்தம், தெரிந்தவர் கையால் ஒரு மிடறு தண்ணீர் வாங்கினாலும் ஆட்டம் முடிந்தது. திருநெல்வேலி ஜில்லாவில் இப்படி ஒரு விதியைப் போட்டவருக்கு ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் நான் அப்போதே நினைத்தேன். வாசலைக் கடந்து போகிறவனை 'சாப்பிட்டாச்சா' என்று கேட்காமல் விட எங்கள் ஆட்களுக்கு மனசு வராது.

வீரவநல்லூரில் எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டியே இருந்தது. முந்தின வருஷம் வாசலில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, சங்கிலி அறுந்த ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்து எங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். உவரிக்காரர். கடற்கரையிலிருந்து உள்ளூர்ச் சந்தைகளுக்குச் சைக்கிளிலேயே மீன் கொண்டுபோய் விற்கிறவர். மீன்பெட்டி கட்டுகிற அகலக் கேரியர் போட்ட அதே சைக்கிளில்தான் பந்தயத்துக்கும் வந்திருந்தார். ஒரு ஆணியையும் ஒரு கருங்கல்லையும் வைத்துச் சங்கிலியைக் கோர்த்தார். என் வடகத்தைக் காட்டி, காக்கா வருது என்றார். நான் காக்காவை விரட்டிவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டார். அந்த வருஷம் அவர்தான் ஜெயித்தார். அன்றிலிருந்து நான் உவரிக்காரர் கட்சி. கத்தரிக்காய்க்கு மேல் எதையும் கொன்றறியாத சைவ வீட்டில், ஒரு பெண் மீன்காரருக்குக் கொடி பிடிக்கலாமா என்று பெரியப்பா கேட்டார். மீனுக்குக் கொடி பிடிக்கவில்லை, மனுஷனுக்குத்தான் என்றேன். வாய் நீளம் என்று பெயர் வாங்கினேன்.

இனி மாப்பிள்ளை. ஏரல் பக்கம், வங்கியில் குமாஸ்தா. திருநெல்வேலிக் கோயில் பிராகாரத்தில் வைத்துப் பெண் பார்த்தார்கள். நான் அவரை நன்றாகவே பார்த்தேன். அவர் கல்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஞ்சிப்போனால் என் கொலுசு வரைக்கும் வந்திருப்பார். பிடிச்சிருக்காம்மா என்று அப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் பெண்ணிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான், அதனால் அவருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. தெரியலைப்பா என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. குனிந்த தலையைப் பார்த்து என்ன தெரியும்? நல்லவர் என்றார்கள், நல்லவர் என்று சொல்லாத மாப்பிள்ளை உண்டா? பங்குனி முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று அப்பா தவணை கொடுத்தார். ஆயுசு முழுவதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்குக் கையில் ஒரு ஆதாரமும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தகவல் வந்தது. மாப்பிள்ளை இந்த வருஷப் பந்தயத்தில் ஓட்டுகிறார். அதுவும் தடித்த டயரும் கியரும் வைத்த மலை சைக்கிளில். சைக்கிள் மிதிக்கிறவனுக்கா நம்ம பொண்ணு என்று பெரியப்பா காலையில் குதித்தார். சாயங்காலம் அவருக்கு வேறு கவலை பிடித்துவிட்டது. மாப்பிள்ளை நம் வாசல் வழியாகப் போகப்போகிறார், உபசரிக்காமல் அனுப்பினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? உடனே வாசலில் பந்தல், பிரம்பு நாற்காலி, வெள்ளி டம்ளர், கேசரி என்று திட்டம் போட ஆரம்பித்தார்.

மறுநாள் ஒரு விளையாட்டு வாத்தியார் மோட்டார் சைக்கிளில் வழியைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நாற்காலியைக் கண்டு நின்றார். விஷயத்தைக் கேட்டதும், ஒரு டம்ளர் கொடுத்தாலும் உங்கள் மாப்பிள்ளை அவுட் என்றார். பெரியப்பா விடவில்லை.

"இன்னும் நிச்சயமே ஆகலைவே. அப்போ அவரு எங்களுக்கு அந்நியர்தான?"

"அந்நியருக்கு எதுக்குவே பிரம்பு நாற்காலி?"

கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். வெயில் காலத்தில் ரோட்டில் போகிற எல்லாருக்கும் மோர்ப்பந்தல் வைப்பது ஊர் வழக்கம்தானே, எல்லாரோடும் சேர்ந்து அவரும் குடித்துவிட்டுப் போகட்டும் என்றாள். வாத்தியார் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் அவரை மாப்பிள்ளை என்று ஒரு வாய் கூப்பிட்டாலோ, வீட்டு ஆள் ஒருவர் போய்ப் பேசினாலோ விடமாட்டேன் என்று எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பந்தய நாளன்று நான் கூடத்தில் கோலமாவால் ஆற்றை வரைந்தேன். கடலிலிருந்து மலை வரைக்கும் ஒரு வளைந்த கோடு, அதில் ஊருக்கு ஒரு புள்ளி. ஓட்டுகிறவர்களுக்குப் புளியங்கொட்டை. உவரிக்காரர் கொட்டையை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருந்தேன். செய்தி எல்லாம் பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சியின் போனுக்கு வந்தது. ஏரலில் என் சித்தி மகள், திருநெல்வேலியில் அண்ணாச்சியின் சரக்கு ஏஜெண்ட், பத்தமடையில் அவருக்குத் தெரிந்த ஒரு பாய் வியாபாரி. போன் அடித்ததும் அண்ணாச்சி பருப்பு நிறுப்பதை அப்படியே விட்டுவிட்டு ஜன்னல் வழியாகச் சொல்வார், நான் கொட்டையை நகர்த்துவேன். அம்பாசமுத்திரம் பஸ் கண்டக்டர்களும் படியில் தொங்கிக்கொண்டே சொல்லிப் போனார்கள். ஆனால் அவர்களை நம்ப முடியாது. ஒருவர் கணக்குப்படி முன்னால் போகிறவர் பஸ்ஸையே முந்திவிட்டார்.

ஏரலில் உவரிக்காரர் முதல். மலை சைக்கிள் மூன்றாவது. நான் கைதட்டினேன். அம்மா உள்ளேயிருந்து, "ஏட்டி, யாருக்குட்டி தட்டுத? வரப்போற மனுஷன் மூணாவதா வாராரு" என்றாள். மனசு கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் கட்சி மாறுவது எனக்குப் பழக்கமில்லை.

திருநெல்வேலி தாண்டியதும் சித்தி வந்து கூடத்தைப் பெருக்கிவிட்டாள். ஆறு, ஊர், ஆட்கள், எல்லாம் முறத்தில். மறுபடி வரைந்து கொட்டைகளை வைக்கும்போது எனக்கும் அண்ணாச்சிக்கும் தகராறு. அவர் ஏரல்காரர் கொட்டையை முன்னால் வைக்கச் சொன்னார், மாப்பிள்ளை மேல் மரியாதையாம். நான் மறுத்தேன். அப்போது பத்தமடையிலிருந்து போன் வந்தது. மலை சைக்கிள் பின்டயர் பஞ்சராகி மனிதர் ரோட்டோரம் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார், நாலைந்து பேர் தாண்டிப் போய்விட்டார்கள். வெள்ளைக் கொட்டை முன்னால் போனது. சந்தோஷப்பட வேண்டியவள், எனக்கு ஏனோ சந்தோஷம் முழுதாக வரவில்லை.

உச்சிப்பொழுதில் உவரிக்காரர் எங்கள் பந்தலுக்கு வந்து சேர்ந்தார். பந்தலில் பெரியப்பா நின்று மோர் ஊற்ற, நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, நல்ல மோரு அண்ணாச்சி, உப்பு ஒரு கல்லு கூடப் போட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனார். கட்சித் தலைவராயிற்றே என்று நான் பொறுத்துக்கொண்டேன். அம்மா பொறுக்கவில்லை. மாஞ்சோலை ஏறி இறங்கும் வரைக்கும் அவரைத் திட்டினாள்.

பின்னால் வந்தவர்களும் நின்று குடித்தார்கள். பிறகு கல்யாண வேன் ஒன்று நின்றது. சீர்வரிசைத் தட்டோடு இறங்கியவர்கள் எல்லாரும் நீர்மோரைக் கண்டால் விடுவார்களா? பந்தல் என்று வைத்த பிறகு போதும் என்று சொல்ல முடியாது. பெரியப்பா முகம் வெளுக்க வெளுக்க ஊற்றிக்கொண்டே இருந்தார். வேன் கிளம்பும்போது பானையில் கறிவேப்பிலை மட்டும் மிச்சம். அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் தடித்த டயர் சைக்கிள் தெரிந்தது.

அம்மா உள்ளே ஓடித் தயிரை எடுத்தாள். மாப்பிள்ளைக்குப் பின்னாலேயே வந்து நின்ற வாத்தியார் மண்டையை ஆட்டினார். பானையில் இருந்ததுதான் பந்தல், இனிமேல் கரைப்பது அவருக்கென்று கரைப்பது, செல்லாது என்றார்.

மாப்பிள்ளை சைக்கிளைச் சாய்த்தார். சட்டை உப்புப் பூத்து, முகம் கன்றி, உதடு வெடித்திருந்தது. காலிப்பானைக்குள் எட்டிப் பார்த்தார். எங்கள் குடும்பம் முழுவதும் வரிசையாக நின்று அவரையே பார்த்தது. ஒருவர் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பாவுக்கு 'மாப்ளே' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. இதென்ன ஊமைகள் ஊரா என்பது போல மாப்பிள்ளை எங்களைப் பார்த்தார். அவருக்கு எங்கள் வீடு எது என்று தெரியாது. கோயிலில் எங்கள் முகங்களை அவர் எங்கே பார்த்தார்?

எதிரே பஞ்சாயத்து அடிபம்பு இருந்தது. அங்கே போனார். எங்கள் ஊர் அடிபம்பைத் தனி ஆள் அடித்துக் குடிக்க முடியாது. கைப்பிடியை விட்டுவிட்டு வாய்க்கு ஓடுவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். அவர் அடித்தார், ஓடினார், இரண்டு சொட்டு கிடைத்தது. மறுபடி அடித்தார், ஓடினார். உபசாரத்துக்குப் பேர்போன குடும்பம் கையைக் கட்டிக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பார்த்துக்கொண்டே நிற்க முடியவில்லை. அடுக்களையிலிருந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அம்மா பின்னாலிருந்து சீறினாள். வாத்தியார் என்னைத் தடுக்கப் பார்த்தார். வீட்டில் தண்ணீர் இல்லை, பிடிக்க வந்தேன், ஊர்ப் பம்புதானே என்றேன். பம்பில் குடம் வைத்து அடிக்கிறவள், தாகமென்று கை நீட்டுகிற வழிப்போக்கனுக்குக் குடத்தைத் தள்ளிவைத்து அடித்துக் கொடுப்பாள். அது எந்தத் தெருவிலும் உள்ளது. யாரும் அதற்குச் சொந்தம் விசாரிப்பதில்லை. வாத்தியாரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். மோட்டார் சைக்கிளில் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஆற்றுப்பக்கம் பார்த்தார்.

நான் அடித்தேன். அவர் இரண்டு கையும் ஏந்திக் குடித்தார், தலையை நீட்டி நனைத்துக்கொண்டார், பாட்டிலில் பிடித்துக்கொண்டார். அப்போது இரண்டு சைக்கிள்கள் மணி அடித்துக்கொண்டு வந்து அவரைத் தாண்டின. போங்க, போங்க என்று எனக்குள் ஒரு குரல் கத்தியது. அது எந்தக் கட்சிக் குரல் என்று யோசிக்க நேரமில்லை.

அவர் சைக்கிளை எடுத்தார். எடுத்தவர் திரும்பிக் குடத்தைப் பார்த்தார். அடியில் நாலு விரல்கூடத் தண்ணீர் இல்லை.

"இவ்வளவு நேரம் எனக்கே அடிச்சிட்டீங்க. தள்ளிக்கோங்கம்மா, நிறைச்சிட்டுப் போறேன்."

அம்மா என்றதும் பெரியப்பா இருமினார். நேரமாகுமே என்று நான் முணுமுணுத்தேன். அவர் காதில் விழவில்லை. இன்னொரு சைக்கிளும் தாண்டிப் போனது. அவர் ஒருமுறை நிமிர்ந்து அதைப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தார். குடம் வழிந்த பிறகுதான் கைப்பிடியை விட்டார். தூக்க முடியுமா என்று கேட்டார், முடியும் என்றேன். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பார்த்தும் தெரியவில்லை அவருக்கு. கும்பிட்டுவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டார்.

அவர் வளைவில் மறையும்வரை எங்கள் வரிசை கலையவில்லை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கட்டிக்கப்போறவளையே அடையாளம் தெரியாத ஆளு என்று சித்தி மோவாயில் கை வைத்தாள். இது நமக்கு ஒத்து வராது என்று பெரியப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். அப்பா மட்டும் ரோட்டைக் கடந்து பம்படிக்கு வந்தார். நான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன், சேலை நனைந்து போயிருந்தது.

"என்னம்மா, உன்னை யாருன்னே தெரியாம போறாரே," என்றார்.

"அதனாலதாம்பா சரிங்கேன். யாருன்னு தெரிஞ்சு நிறைச்சிருந்தா இன்னும் யோசிச்சிருப்பேன்."